என் காலுக்கு எட்டாத பெடல்

அந்தக் காரில் கதவு கிடையாது. கூரை கிடையாது, ஸ்டெப்னி கிடையாது, வைப்பர் கிடையாது, ஹேண்ட் பிரேக்கூடக் கிடையாது. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். கொடைக்கானலில் அதைப் பார்த்தவர்கள், பாதி வேலையில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள் போல என்று பேசிக்கொண்டார்கள். "மிச்சம் எப்ப வருது?" என்று டாக்ஸி ஸ்டாண்டில் தினமும் ஒருவராவது என்னைக் கேட்பார். மிச்சம் எதுவும் வராது, இருப்பதிலும் இன்னும் கழிக்கத்தான் போகிறோம் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிற ஆள் இல்லை நான். சிரித்தவரோடு அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்தவன் நான். தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்து லாரியில் கை பழகி, ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினேன். அதே கப்பலில், அதே தோட்டத்திலிருந்து, எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துக்காரன் ஒருவனும் வந்தான். தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவன். மண்டபம் முகாமில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கம்பளியையும் சேர்த்து எனக்குப் போர்த்திவிட்டு, வெறும் தரையில் குந்தியிருந்தவன். அவன் கொடைக்கானல் என்றதும் நானும் கொடைக்கானல் என்றேன். நான் டாக்ஸி ஓட்டினேன். அவன் மூஞ்சிக்கல்லுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை போட்டு ஜீப்பும் காய்கறி லாரியும் பழுது பார்த்தான். அவனை நான் கூடப்பிறந்தவன் என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பாதவர்களும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

கார் ஆசை எங்களுக்குத் தோட்டத்திலேயே பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொரைமார் சின்னச் சின்ன திறந்த கார்களில் மலை ஏறுவதற்குப் போட்டி போடுவார்கள். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போகும் கார்கள். ஒரு வளைவில் ஏதாவது ஒன்று ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கிவிடும். கொழுந்து எடுக்கிற ஆட்களோடு நாங்களும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம். தூக்கிய அன்றைக்குத்தான் தெரிந்தது, அதில் கனமே இல்லை. பெரிய இஞ்சினும் இல்லை. சுமக்க ஒன்றும் இல்லாததால் ஓடுகிறது, அவ்வளவுதான். நாமும் ஒன்று செய்யலாம் என்று அவன் அப்போதே சொன்னான். எங்கள் இரண்டு பேருக்கும் சைக்கிள்கூட இல்லாத காலம் அது.

டம் டம் பாறைக்குப் பக்கத்தில் ஒரு பியட் கார் உருண்டு, ஆட்களுக்கு ஒன்றும் ஆகாமல் வண்டி மட்டும் அப்பளமாகி, அவன் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. இஞ்சின் நன்றாக இருந்தது. குழாய்களை வளைத்து ஒட்டி ஒரு கூடு செய்தான். உடைத்துப்போட்ட பழைய பஸ்ஸின் அலுமினியத் தகட்டைத் தட்டி உடம்பு செய்தோம். சந்தை இல்லாத நாளில் ஒவ்வொரு சாமானையும் தூக்கிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போய், கேரட் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்ப்போம். கடைக்காரர், "இன்னிக்கு என்ன விளைச்சல்?" என்று கேட்பார். முதலில் கோபம் வந்தது. பிறகு நானே, சீட்டு கொஞ்சம் முற்றிவிட்டது, இன்னும் செதுக்க வேண்டும் என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

எடையைக் குறைக்க ஒரே வழி ஓட்டை போடுவது. பெடல் தண்டில் ஓட்டை, சீட்டுச் சட்டத்தில் ஓட்டை, ஸ்டியரிங் வளையத்தில் ஓட்டை. பலம் போகாத இடமாகப் பார்த்து அவன் சாக்குக்கட்டியால் குறி போடுவான். நான் டிரில் பிடிப்பேன். அவன் வலது கையில் இரண்டு விரல்களைத் தோட்டத்து ரோலர் தின்றுவிட்டது. மற்ற எல்லா வேலையும் செய்வான், டிரில்லை மட்டும் அழுத்திப் பிடிக்க வராது, நழுவிக் கோணிப் போய்விடும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. டாக்ஸி சவாரி முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கொட்டகைக்குப் போய்விடுவேன். என் மனைவி பழனிக்காரி. அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்கிற குடும்பத்துப் பெண். "ஓட்ட போட்டது போதும், வீட்டுக்கு வெரசா வாங்க. இங்க சோலி அப்படியே கெடக்கு" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் சீட்டு செய்தோம். சாதாரணக் காரில் சீட்டை முன்னும் பின்னும் தள்ளலாம். அந்தத் தண்டவாளமும் ஸ்பிரிங்கும் கனம். அதனால் எங்கள் சீட்டு நகராது, அப்படியே அடியோடு ஒட்டியது. ஓட்டுகிறவன் முதுகுக்குத் தகட்டைத் தட்ட வேண்டும், அவன் காலுக்கு அளந்து பெடலை முடுக்க வேண்டும். சட்டை போட்டுக்கொள்கிற மாதிரிதான். நான் குட்டை. என்னைத் தகட்டில் உட்காரவைத்து, முதுகுக்கும் இடுப்புக்கும் குறி போட்டு, தட்டித் தட்டிப் பொருத்தினான். காலை நீட்டச் சொல்லி, என் பாதம் போய் நின்ற இடத்தில் பெடல் பலகையை நான்கு போல்ட் போட்டு முடுக்கினான். முடித்துவிட்டு என் தோளில் கை வைத்துச் சொன்னான்: "மச்சான், மெட்ராஸ்ல நீதான் ஓட்டுற. இதுல வேற எவனும் ஒக்காந்தா காலு எட்டாது, இல்லாட்டி முட்டி இடிக்கும்."

சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடப்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். மாசியில் அங்கே போவதென்று முடிவு. அவன் வாக்குக் கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், வாய் வார்த்தையை நான் அப்படியொன்றும் பெரிதாக நம்புகிறவன் இல்லை. அந்தச் சீட்டை நம்பினேன். என் முதுகின் மேடு பள்ளமெல்லாம் அந்தத் தகட்டில் இருந்தது. இதைவிட என்ன உறுதி வேண்டும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு வெளியே போகமுடியாத ஒரு நாள், பெடல் பலகைக்கு முன்னால், மூக்குப் பக்கமாக, தரைத் தகட்டில் நான்கு இடத்தில் அவன் குறி போட்டிருந்தான். மற்ற இடங்களில் நாங்கள் போட்டதெல்லாம் காசு அகல ஓட்டை. இது சின்னதாக, போல்ட் அளவுக்கு இருந்தது. இந்த நான்கு ஓட்டையால் எத்தனை கேரட் எடை குறையப் போகிறது என்று கேட்டேன். கூரை இல்லாத வண்டி, மழை பெய்தால் காலடியில் தண்ணீர் தேங்கும், அது வடியத்தான் என்றான். சரிதானே என்று பட்டது. போட்டுக் கொடுத்தேன். தகட்டுத் தூளை ஊதிவிட்டு, அவன் குனிந்து பார்த்து, நல்லா வந்திருக்கு என்றான்.

தை மாதத்தில் ஏரிப் பக்கத்துப் பங்களாக்காரர் வீட்டுத் தம்பி வந்தார். மெட்ராஸ்காரர். ஒவ்வொரு சீசனுக்கும் குடும்பத்தோடு வருகிறவர், போன சீசனிலேயே கொட்டகைக்கு வந்து காரின் கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். ஒல்லி, நல்ல உயரம், கொட்டகை வாசலில் குனிந்துதான் நுழைவார். இந்தத் தடவை வெறுங்கையோடு வரவில்லை. வெளிநாட்டு கார்புரேட்டர் ஒரு ஜோடியும், அகலமான பந்தய டயர் நாலும் கொண்டுவந்திருந்தார். எங்கிருந்து, எதற்கு என்று நான் கேட்கவில்லை. கார் வேகம் வந்தால் போதும் என்றிருந்தது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவருக்கு நன்றி சொன்னேன், டீ வாங்கிவரக்கூட நானே ஓடினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கார்புரேட்டர் மாற்றிய பிறகு காலையில் வெள்ளனே, பஸ் கிளம்புவதற்கு முன், பெருமாள்மலை வரைக்கும் இறக்கி ஏற்றிப் பார்ப்பேன். டாக்ஸியில் அந்த ரோட்டில் இறங்குவது, நடக்கமுடியாத பெரியவரைப் படியில் கைபிடித்து இறக்குவது மாதிரி. பிரேக் சூடேறிவிடும், இரண்டாவது கியரில் இஞ்சினைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இந்தக் காருக்குப் பிரேக் சூடு தெரியவே தெரியாது. வளைவுக்குள் போகலாமா என்று நான் நினைப்பதற்குள் அது போயிருக்கும். பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் இடுப்பில் தெரியும். தகடு என் இடுப்போடு ஒட்டியிருந்ததால் வண்டிக்கு என்ன நடக்கிறது என்பதை உடம்புதான் முதலில் சொல்லும். முன்பக்கம் லேசாக அலைகிறது, பின் பிரேக் இடது பக்கம் இழுக்கிறது என்று வந்து சொல்வேன். அவன் அதைச் சரிசெய்வான். மறுநாள் மறுபடியும். முப்பது வயது தாண்டியவன் நான். அந்த நாட்களைப் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிரேக் பிடிக்க வேண்டும், ஆள் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பலித்த பிறகு செலுத்துவதுதான் முறை, நான்தான் முன்கூட்டியே செலுத்திவிடலாம் என்று அவளோடு பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் அவன் என் தலையைத் தடவிப் பார்த்து, வண்டியில் இன்னும் கொஞ்சம் எடை குறைந்துவிட்டது என்று சிரித்தான். டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் மொட்டை எதற்கென்று தெரியும். கிண்டல் செய்தவர்களே, போய் ஜெயித்துவிட்டு வா என்று தோளில் தட்டினார்கள். கமிஷன் கடைக்காரர் ஒரு பை நிறையப் பேரிக்காய் கொடுத்தார்.

கிளம்புகிற அன்று நல்ல பனிமூட்டம். காரை வத்தலக்குண்டு வரைக்கும் ஓட்டி இறக்கி, அங்கே லாரியில் ஏற்றி மெட்ராஸுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. விடிந்தும் விடியாமலும் பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பங்களாத் தம்பி தோல் கையுறை போட்டுக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன். அவர் வேறெங்கோ பார்த்தார். நான் பக்கவாட்டில் காலைத் தூக்கிப்போட்டுச் சீட்டில் இறங்கி, கிளட்சை மிதிக்கக் காலை நீட்டினேன்.

கால் வெறுமையில் போய் நின்றது. இன்னும் நீட்டினேன். பெருவிரல் நுனி பெடலில் பட்டது, அவ்வளவுதான். ஒரு கணம், மொட்டை போட்டதில் நான்தான் குறுகிவிட்டேனோ என்றுகூடப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. பிறகு பங்களாத் தம்பியின் நீளமான காலைப் பார்த்தேன்.

அவன் கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி வந்தான்.

"நேத்து சாயங்காலந்தான் இப்படி ஆயிருச்சு மச்சான். மெட்ராஸ்ல தம்பிதான் ஓட்டுவாராம், இல்லன்னா கார்புரேட்டரு, டயரு எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிருவேன்னு நிக்கிறாரு. நான் என்னா செய்ய?"

மொட்டைத் தலையில் பனி இறங்குவது தெரிந்தது. வெளியே போனால் ஸ்டாண்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அவனை அடிக்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளை, கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடித்தால் இவன்தான் என்ன செய்வான் என்று நானே அவனுக்காக வாதாடிக்கொண்டேன். மண்டபத்துக் கம்பளியை நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் அவன் இன்னொன்று கேட்டான். பனி இப்படி இறங்கியிருக்கிறது, தம்பிக்கு மலை ரோடு பழக்கமில்லை, வத்தலக்குண்டு வரைக்கும் நானே இறக்கிக் கொடுத்தால் நல்லது என்றான். கேட்டுக்கொண்டே ஒரு கோணிச்சாக்கை எட்டாக மடித்து என் முதுகுக்குப் பின்னால் செருகினான். கால் எட்ட வேண்டுமே, அதற்கு. எனக்கென்று தட்டிய தகட்டுக்கும் என் முதுகுக்கும் நடுவில் ஒரு வெங்காயச் சாக்கு.

மானமுள்ள எவனும் எழுந்து போயிருப்பான். நான் போகவில்லை. இறக்கிக் கொடுத்தேன். அவனுக்காகப் பாதி, இன்னொரு தடவை ஓட்டக் கிடைக்கிறதே என்பதற்காகப் பாதி. அவர்கள் இரண்டு பேரும் ஜீப்பில் பின்னால் வந்தார்கள், பெருமாள்மலை தாண்டுவதற்குள் பனியில் காணாமல் போனார்கள். ரோடு முழுக்க ஈரம். முன் சக்கரம் வாரியடித்த தண்ணீர் முழங்காலில் கொட்டியது. ஊத்து வளைவில் பின்பக்கம் வழுக்கியபோது இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை, சாக்கு நடுவில் இருந்ததால். கையிலும் கண்ணிலும் பிடித்து நிறுத்தினேன். டம் டம் பாறைக்குக் கீழே பனி விலகி வெயில் வந்தது. புளியமரங்கள் வந்தன. ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் வத்தலக்குண்டில் லாரிக்குப் பக்கத்தில், ரோட்டோரச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, இறங்கிக் கல் வைத்தேன்.

ஜீப் இன்னும் வரவில்லை. காலடியில் கணுக்கால் முழுகுகிற அளவுக்குச் செந்தண்ணீர் மூக்குப் பக்கமாகத் தேங்கி நின்றது. ஏன் வடியவில்லை, ஓட்டையில் சேறு அடைத்திருக்கும் என்று குனிந்து விரலால் துழாவினேன். ஐப்பசியில் நான் போட்ட நான்கு ஓட்டைகள். ஒன்றில் விரலை வைத்தேன், போல்ட் தலை தட்டுப்பட்டது. இரண்டாவதிலும் போல்ட். நான்கிலும் போல்ட். பெடல் பலகை அவற்றின் மேல் அளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தது. நேற்று சாயங்காலம் புதிதாக யாரும் எந்த ஓட்டையும் போடவில்லை. போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ரோட்டோரத்தில் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். போன சீசனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். புரட்டாசியில் என் முதுகுக்குச் சீட்டுத் தட்டியபோதே அவனுக்குத் தெரியும். யாராவது பந்தயம் வரைக்கும் தினமும் ஓட்டி, பிரேக் இழுப்பதையும் முன்பக்கம் அலைவதையும் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நான். கால் நீளமானவர் வருகிற வரைக்கும் வண்டியைப் பழக்கிக் கொடுக்க.

அவனிடம் நான் கேட்டதையும் அவன் சொன்னதையும் எழுதுவதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். அதை எழுதிய பிறகு வேறெதுவும் எழுத எனக்கு மனம் வராது. பந்தயத்தில் கார் நன்றாக ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன், மலையில் பழகிய பிரேக் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். அவன் மெட்ராஸிலேயே தங்கி, பங்களாத் தம்பியின் ஆதரவில் பந்தயக் கார் செய்கிற பட்டறை வைத்துவிட்டான். நான் அன்றைக்கே பஸ் ஏறி மலைக்குத் திரும்பினேன். பிரேக் பிடித்ததா என்று மனைவி கேட்டாள், பிடித்தது என்றேன். "முழுசா வந்துட்டீங்கல்ல, அது போதும்" என்று சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அவள் வேண்டியதெல்லாம் நடந்திருந்தது. எண்பதுகளில் ஒரு சீசனின்போது அவன் ஸ்டாண்டுக்கு வந்து என் டாக்ஸிக்கு முன்னால் நின்றான். நான் சவாரி ஏறாத வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்கு வத்தலக்குண்டில் ஜீப் வந்து நின்றது. பங்களாத் தம்பி லாரிக்காரரிடம் போனார். அவன் மட்டும் சிரித்த முகத்தோடு, ஒரு கீறல் இல்லாம கொண்டாந்துட்ட என்று என்னிடம் வந்தான். நான் காலடித் தண்ணீரைக் காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது.

"அவருதான் ஓட்டுறாருன்னு போன சீசன்லயே சொல்லிட்டியா அவர்கிட்ட?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"சரி. அப்ப அந்த ஓட்டைய என் கையால எதுக்குடா போடச் சொன்ன?"

கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தான். பொய் சொல்வான் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எனக்குத்தான் வெரலு இல்லையே மச்சான்" என்றான். "நீ போட்டாத்தான் நேரா வரும்."